நாலு பக்கமும் கதவு வைத்த அறை

கூடப் பிறக்காமலே எனக்கு அக்காவான என் மதினிக்கு,

நேற்று மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். வெம்பக்கோட்டை அணைக்கரையில் நீங்கள் நடந்து போய்க்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் கரை தொட்டுக் கிடந்தது. உங்கள் முந்தானை நனைந்திருந்தது, அதைப் பிழியக்கூடத் தோன்றாமல் என்னவோ நினைத்துச் சிரித்துக்கொண்டே போனீர்கள். "மதினி" என்று கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கனவில் மட்டும் உங்களுக்கு எப்படி அவ்வளவு நேரம் கிடைக்கிறது? உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளாவது அந்தக் கரையில் சும்மா நடந்திருப்பீர்களா?

விழித்தபோது ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த வெயிலில் தூசி மினுமினுத்துக்கொண்டிருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் புது வெடியை வெடித்துப் பார்த்தார்கள். சத்தம் மெதுவாக வந்து, நம் தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனமாதிரி இருந்தது. அதுவும் கனவில் கேட்டதா, வெளியில் கேட்டதா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மதினி. இது நம் இரண்டு பேருக்குள் நிற்கப்போவதில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாரே என் வீட்டுக்காரர், அவர் வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் இதை அடித்துத் தெரு முழுக்கக் கொடுக்கப்போகிறாராம். நம் அறையைத் திறந்து ஒரு வருஷம் ஆகிறது, அதற்காக. அதனால் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் முதுகில் ஒரு முருகனோ ஒரு மகாலட்சுமியோ இருப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குச் சாமி துணை கிடைக்கிறதே என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் கடைசி நாளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவேண்டியிருக்கிறது. உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்களே. நாம் வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனியில், வெடிக்குழாய்க்குள் மருந்து செலுத்தும் அறையில் தீப்பிடித்தது. உங்களோடு இருந்தவர்கள் ஒரு கதவு வழியாக வெளியே வந்துவிட்டார்கள். உங்கள் பக்கத்துக் கதவுக்கு முன்னால், சீசன் அவசரத்தில், பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இவ்வளவுதான். அந்தப் பெட்டிகளை அடுக்கச் சொன்னவரைப் பற்றி என் வாயில் வரும் வார்த்தைகளை அச்சடிக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

உங்கள் பெரியவள் கனகா பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம் அது. அவளை விருதுநகர் காலேஜில் சேர்க்கப்போகிறேன் என்று கம்பெனி வேனில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தீர்களே. நல்ல மார்க், மதினி. ஆனால் ரிசல்ட் வந்த அன்றைக்கு அவள் அதைப் பார்க்கவே இல்லை. நாங்கள்தான் பார்த்துச் சொன்னோம். "அப்படியா அத்தை" என்று கேட்டுவிட்டுச் சின்னவளுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள்.

சின்னவள் தங்கம். கனகாவுக்குப் பிறகு எத்தனையோ வருஷம் கழித்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து நீங்கள் பெற்ற பிள்ளை. நீங்கள் போனபிறகு அவள் கனகா கையைத் தவிர வேறு கையிலிருந்து ஒரு வாய் வாங்கமாட்டாள். நான் ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். என் அண்ணன் காலையில் லோடு ஏற்றப் போனால் இருட்டித்தான் வருவார். அங்கன்வாடி திறப்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே எங்கள் வேன் கிளம்பிவிடும், அது மூடியபிறகுதான் திரும்பி வரும்.

"காலேஜா? தங்கத்துக்கு யாரு ஊட்டுவா அத்தை? நான் இங்கனயே வெடிக்குழாய் சுத்திக்கிட்டு இருந்துக்கிடுறேன்" என்றாள் கனகா. சொன்னபடியே உட்கார்ந்தும்விட்டாள். காகிதத்தைச் சுற்றுவதும் ஒட்டுவதும் அடுக்குவதுமாக அவள் பொழுது போனது. அவள் உட்கார்ந்திருந்த மாதிரி உங்களைப் போலவே இருந்தது, பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் ஒருத்தியா? நம் தெருவில் பாதி வீட்டில் ஒரு பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு அம்மாவாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் போகிறவள், போனாலும் தூங்கிவிழுகிறவன், போகாமலே விட்டவள். எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். தெரிந்து என்ன செய்தோம்?

வேனில் உங்கள் பக்கத்து சீட் லட்சுமி அக்கா ஒரு நாள் வெடித்தார். (இந்த ஊரில் எழுதக்கூடாத வார்த்தைதான், எழுதிவிட்டேன்.) "கம்மாத் தண்ணிக்கு முறை வச்சுப் பாய்ச்சத் தெரியுது. இன்னைக்கு உன் வயலு, நாளைக்கு என் வயலு. பெத்த பிள்ளைகளுக்கு ஒரு முறை வைக்கத் தெரியலையே நமக்கு!"

 அன்று சாயங்காலம் இறங்குவதற்குள் பேசி முடித்துவிட்டோம். ஆளுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரி அன்றைக்கு வேனில் ஏறமாட்டாள். விடிந்ததிலிருந்து தெருப் பிள்ளைகள் எல்லாம் அவள் பொறுப்பு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவது, திரும்பி வந்ததும் முகம் கழுவிவிட்டுச் சாப்பாடு கொடுப்பது, எல்லாம் அவள்தான். மழை பெய்து கம்பெனிக்கு லீவு விட்டால் அத்தனை பேரும் முறைக்காரிகள். பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஓர் இடம்தான் இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் கிடந்த பொது இடத்தைக் கேட்டோம், ஊர் கொடுத்தது. கல்லும் மண்ணும் எங்கள் பெண்களே சுமந்தோம்.

கட்டியது நம் கொத்தனார் சண்முகம் மாமா. ஆயுசு முழுக்கப் பட்டாசு கம்பெனிகளுக்கு அறை கட்டிய மனுஷன். "பிள்ளைகளுக்கு ஒரு ரூம்பு" என்று சொன்னோம். அவரும் கட்டினார். நாங்களும் தினமும் போய்ப் பார்த்தோம், சரி சரி என்று தலையாட்டினோம். நாலு பக்கமும் கதவு. எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறப்பது. எதிலும் தாழ்ப்பாள் கிடையாது. ஓடும்போது கால் தடுக்கக்கூடாது என்று நிலைப்படியும் கிடையாது. எங்கள் யாருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, மதினி. அறை என்றால் எங்களுக்கு அதுதானே?

திறப்புவிழாவுக்குச் சாத்தூரிலிருந்து ஜெயா டீச்சர் வந்தார். சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கத் தானாக ஒத்துக்கொண்ட பெண். கையோடு ஒரு கரும்பலகை கொண்டுவந்திருந்தார். உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு எங்களைப் பார்த்து, "எல்லாஞ் சரி. இதை எங்கன மாட்ட?" என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தோம், மாட்டுவதற்குச் சுவரே இல்லை. பட்டாசு அறையைக் கட்டி வைத்திருக்கிறோம்! இதற்குள் பிள்ளைகள் ஒரு கதவு வழியாக உள்ளே வந்து இன்னொரு கதவு வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இந்தப் பக்கம் பிடித்துவந்தால் அந்தப் பக்கம் போகிறார்கள். லட்சுமி அக்கா உள்ளே வரும்போது கை தானாக நீண்டு வாசல் ஓரத்தைத் தடவியது. கம்பெனியில் உள்ளே போகும் முன்னால், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று தொடுவோமே செம்புத் தகடு, அதைத் தேடியிருக்கிறது. முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். நீங்கள் போனபிறகு நம் தெரு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

"ரெண்டு கதவை அடைச்சுப் பூசிருவோமா?" என்று சண்முகம் மாமா தயங்கிக் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.  கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அண்ணன், அவ்வளவு நாளாக யாரோடும் சரியாகப் பேசாத உங்கள் வீட்டுக்காரர், "அடைக்க வேண்டாம் மாமா. தெறந்தே கெடக்கட்டும்" என்றார். 

கனகா உள்ளே வரவில்லை. தங்கத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். டீச்சர் பலகையோடு விழித்துக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தரைதான் கருப்பா இருக்கே டீச்சர், அதுல எழுதலாம்ல?" என்றாள். டீச்சர் சாக்பீஸை நீட்டினார். கனகா தங்கத்தை இறக்கிவிட்டு உள்ளே வந்து, குனிந்து, நடுத்தரையில் பெரிதாக ஓர் 'அ' எழுதினாள். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வந்து அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இன்றைக்கு வரைக்கும் எங்கள் பாடம் தரையில்தான் நடக்கிறது. சாயங்காலம் நாலு பக்கத்துக் காற்றும் உள்ளே வரும்போது சாக்பீஸ் பொடி லேசாக எழுந்து சுற்றும். அந்த நேரத்தில் சிலசமயம் நீங்களும் ஒரு கதவோரம் நிற்பதுபோல் எனக்குத் தோன்றும். நிற்கிறீர்களா, மதினி?

அன்று முதல் கனகா தினமும் வந்தாள். டீச்சருக்குத் துணையாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். காலேஜ் பேச்சை எடுத்தால் மட்டும், "தங்கம் வேற யாருகிட்டயாச்சும் சாப்பிடட்டும், அப்பப் பாப்போம்" என்பாள். அவள் படிப்பு ஒரு குழந்தையின் வாயில் போய் நின்றது. முறைக்காரிகள் எல்லாரும் முயன்று பார்த்தோம். கதை சொன்னோம், காக்கா காட்டினோம், கெஞ்சினோம். தங்கம் எங்கள் கையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கம்பெனியிலிருந்து வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் நாம் பிள்ளையைத் தொடமாட்டோமே. தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கையோடுதான் ஊட்டினோம். எதற்காக மோந்து பார்க்கிறாள் என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை.

ஒரு சாயங்காலம் கனகா காய்ச்சலில் படுத்துவிட்டாள். நான் அவளோடு இருந்தேன். அன்றைய முறைக்காரி தங்கத்தோடு போராடி ஓய்ந்துவிட்டாள். வேனிலிருந்து இறங்கிய லட்சுமி அக்கா, பிள்ளை பசியில் கத்துவதைக் கேட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் அறைக்கு ஓடினார். குழாயடியில் கையை அவசரமாக அலசிவிட்டுச் சோற்றைப் பிசைந்து நீட்டினார். தங்கம் வழக்கம்போல மோந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

சோறு முழுக்கச் சாப்பிட்டாளாம். சாப்பிட்டு முடித்து லட்சுமி அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாளாம். அக்கா தன் கையை மோந்து பார்த்திருக்கிறார். சோப்பு போடாத கை, நகக்கண்ணில் மருந்து வாடை. எவ்வளவு கழுவினாலும் உங்கள் கையில் மிச்சமிருக்குமே, அந்த வாடை. "அய்யோ, நஞ்சை ஊட்டிட்டேனே, பிள்ளை ஆத்தாளத் தேடிருக்குடி, நமக்குத் தெரியலையே" என்று தலையில் அடித்துக்கொண்டு அவர் அழுததை நான் எப்படி எழுதுவேன்? அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அழுதோம். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து லட்சுமி அக்கா நன்றாகக் கழுவிய கையோடுதான் ஊட்டினார். ஆனால் அந்த ஒரு நாளைக்குப் பிறகு தங்கம் அவரை விடவில்லை. அவர் மடியில் உட்கார்ந்து, அவர் கையில் வாங்கிச் சாப்பிடப் பழகினாள். இந்த வருஷம் காலேஜுக்கு விண்ணப்பம் போடும் நேரத்தில் கனகாவால் மறுக்க முடியவில்லை. இடம் கிடைத்தது. ஆனாலும் அவள் மனசு முழுசாக ஒப்பவில்லை. லட்சுமி அக்கா முறை அல்லாத நாளில் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முதல் நாள் விடியற்காலையில் மெயின் ரோட்டில் விருதுநகர் பஸ்ஸும் எங்கள் வேனும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அன்றைக்கு என் முறை. தங்கம் என் இடுப்பில் இருந்தாள். கனகா பஸ்ஸில் ஏறினாள். ஏறியவள் திரும்பிப் பார்த்தாள், உடனே இறங்கிவிட்டாள். 

"ஏறுறியாம்மா, இல்லையா?" என்றார் கண்டக்டர். வேன் ஜன்னலிலிருந்து லட்சுமி அக்கா கத்தினார்: "ஏ புள்ள, நீ ஏறாம எங்க வேன் கெளம்பாது பாத்துக்கோ! இன்னைக்கு அம்புட்டுப் பேருக்கும் லீவு போட வைக்கப்போறியா?" வேன் டிரைவர் நிஜமாகவே என்ஜினை அணைத்துவிட்டார். ஜன்னல் முழுக்க முகங்கள், எல்லாம் அவளையே பார்க்கின்றன. கனகா அழுதுகொண்டே சிரித்தாள். தங்கத்தின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் போனது, பின்னாலேயே வேனும் போனது.

ரோட்டில் நானும் தங்கமும்தான். இப்போது அழப்போகிறாள், இப்போது அழப்போகிறாள் என்று நான் பயந்துகொண்டே நின்றேன். அவள் பஸ் போன திசையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அத்தை, பசிக்குது" என்றாள்.

அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, இட்லியைப் பிட்டு, குளித்துவிட்டு வந்த என் கையால் ஊட்டினேன். சாப்பிட்டாள், மதினி. இன்னும் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், தெருவே சாட்சி. தங்கம் பசிக்குதென்று எப்போது சொன்னாலும் அவளுக்கு ஊட்ட இந்தத் தெருவில் ஒரு கை இருக்கும். என் கை ஓய்ந்துபோனாலும் இருக்கும். நீங்கள் அணைக்கரையில் நிதானமாகவே நடங்கள்.

உங்கள் நாத்தனார்,
உங்கள் பிள்ளைகளின் அத்தை,
ராசாத்தி