சட்டை போடாத வீடு

அண்ணி,

மூன்று நாட்களாக முன்சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறேன். குழாயைத் திருப்பியதும் செங்கலிலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறது. கோடை முடிந்து முதல் மழை விழுந்த சோளக்காட்டின் வாசனை. எவ்வளவு அடித்தாலும் சுவர் உறிஞ்சிவிடுகிறது. கொத்தனார் சிரிக்கிறார். "ஒம்பது வருசமா வெயில்ல காஞ்ச செங்கல்லும்மா, தண்ணியா குடிக்கும். அதுக்குத் தாகம் அடங்குனாத்தான் பூச்சு புடிக்கும்" என்கிறார்.

நாளை நம் வீட்டுக்குப் பூச்சு. நீங்கள் இல்லை.

உங்களைத் தெய்வம் என்று எழுத மாட்டேன். செத்துப்போன பெண்களை எல்லாம் தெய்வமாக்கி மாலை போட்டுவிட்டு, அவர்கள் உயிரோடு இருந்தபோது என்ன செய்தோம் என்பதை மறப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. நான் உங்களைக் கஞ்சப் பிசினாறி என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் நூறு முறை, முகத்துக்கு நேராக இரண்டு முறை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

உங்களுக்குக் கல்யாணமாகி வந்த புதிது. நான் பிளஸ் ஒன். அண்ணனுக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வண்டி ஓட்டும் வேலை, காண்ட்ராக்டில். பெரம்பலூரில் குடித்தனம் வைத்தால் நான் அங்கேயே காலேஜும் படிக்கலாம் என்று வாடகைக்கு வீடு பார்த்தோம். இரண்டு வீட்டில் கேட்டின் அந்தப் பக்கமே நின்று "ஊரு எது? ஊருல எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். தெருவின் பெயரைச் சொன்னதும் அந்த வீட்டுக்கு அவர்களுடைய உறவுக்காரர்களே குடிவரப்போவதாக ஆகிவிட்டது. மூன்றாவது வீட்டில் எதுவும் கேட்காமல் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனோம். நீங்கள் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தீர்கள். பால் பொங்குவதற்குள் வீட்டுக்காரர் வந்து நின்றார். இவருக்கும் அதே கேள்விதான், கொஞ்சம் தாமதமாகக் கேட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களைத் திரும்ப ஏற்றினார். நான் அழுதேன். நீங்கள் அடுப்பை அணைத்து, பாதி சூடான பாலைத் தூக்குவாளியில் ஊற்றி மூடி, வண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டீர்கள். கீழப்பழுவூர்ப் பக்கம் நம் ஊர் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தவில்லை. இறங்கியதும் அதை அம்மாவிடம் கொடுத்து உறைக்கு ஊற்றச் சொன்னீர்கள். அப்புறம் அண்ணனிடம் சொன்ன ஒரே வாக்கியம்: "இனிமே எவங்கிட்டயும் போயி நம்ம தெருப் பேரச் சொல்ல வேணாங்க."

அப்படித்தான் பெரம்பலூர் டவுனுக்கு வெளியே, அரசு பஸ் நின்றால் நிற்கும் நிற்காவிட்டால் இல்லை என்ற இடத்தில், இந்த மனையை வாங்கினீர்கள். உங்கள் நகை மனையாயிற்று. வீட்டுக்கு வங்கிக் கடன், பதினைந்து வருடம். கூரை போட்டதும் காசு தீர்ந்தது. பூச்சில்லாமல் தரைக்கு மட்டும் சிமெண்ட் தேய்த்துக் குடி வந்தோம். இந்த முறை பால் பொங்கி வழிந்தது. அது ஒன்றுதான் நீங்கள் வீணாக்கி நான் பார்த்தது.

"பதினைஞ்சு வருசம் அவருக்கு வேல இருக்கும்னு எவன் எழுதிக் குடுத்தான்?" என்று கேட்டீர்கள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. காண்ட்ராக்டர் மாறினால் ஆளும் மாறும். அதற்குள் கடனை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் குட்டியானை. உங்கள் கணக்கு இவ்வளவுதான்.

காலேஜில் சேர்ந்து நான் உங்களோடு தங்க வந்தபோது கடனுக்கு ஒரு வயது. சமையல், பருத்தி எடுத்தபின் பிடுங்கிக் காயவைத்த பருத்திமாரிலும் மக்காச்சோளச் சக்கையிலும்; கேஸ் அடுப்பு மழைக்காலத்துக்கு மட்டும். வெங்காயம், செட்டிகுளத்தில் உங்கள் அப்பா வேலை செய்யும் காட்டில் கழித்துப் போட்ட பொடிசுகள். அதை உரித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு செமஸ்டர் முடிந்துவிடும். கறி மாதத்தில் ஒரு ஞாயிறு. இரவு ஏழு மணிக்கு மேல் ஒரே ஒரு விளக்கு, அதுவும் உங்கள் தையல் மிஷினுக்கு மேலே. படிக்க வேண்டுமென்றால் நான்தான் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அந்தத் தடதடப்பில்தான் நான் பி.காம். படித்தேன்.

கல்யாணங்களில்தான் என் மானம் போகும். மொய்க்குக் காசு வைக்க மாட்டீர்கள். பெண்ணுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டு, மொய் எழுதுகிற இடத்தில் போய் நிற்பீர்கள். ஒருமுறை உங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டார். "துணியெல்லாம் எப்புடிங்க மொய் நோட்டுல எழுதுறது?" என்றார். "ஆறு ரவிக்கைன்னு எழுதுங்க. எம் மவளுக்கு ஆகும்போது அவங்க ஆறு ரவிக்கை தச்சுக் குடுத்தா போதும்" என்றீர்கள். உங்களுக்கு அப்போது மகளே பிறக்கவில்லை. பந்தியில் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் உங்களோடு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்காராமல் வந்தேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு நம் சுவர்தான் பொழுதுபோக்கு. "ஏம்மா, டெய்லரம்மா. ஊருக்கெல்லாம் தைக்கிற. ஓவ் வூடு எப்ப சட்ட போடும்?" என்பார். நீங்கள் ஊசியில் நூல் கோத்தபடியே, "மொத அது எங்க வூடாகட்டும் பெரியம்மா. இப்ப அது பேங்குக்காரன் புள்ள. அவம் புள்ளைக்கு நா ஏன் சட்ட தைக்கணும்?" என்பீர்கள். அவரே சிரித்துவிடுவார்.

மாதம் பத்தாம் தேதி டியூ போக, மேற்கொண்டு மிச்சம் பிடித்ததையும் வங்கியில் கட்டிவிட்டு வருவீர்கள். பாஸ்புக்கைப் பதிந்து வந்து, சாப்பிட உட்காரும்போது கடைசி வரியைக் காட்டுவீர்கள். "பாருங்க, இந்த மாசத்தோட இம்புட்டு கட்டிட்டம்." எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் கண்ணாடி போட்டுப் பார்த்துத் தலையாட்டுவார்.

இரண்டாம் வருடம் காலேஜில் டூர் போனார்கள். கேட்டேன். "அடுத்த வருசம் பாப்பமே பாப்பா" என்றீர்கள். அன்று முகத்துக்கு நேராகச் சொன்னேன், கஞ்சப் பிசினாறி என்று. நீங்கள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. ஆத்திரத்தில், இந்தக் கடன் நம் ரத்தத்தை எவ்வளவு குடித்திருக்கிறது என்று நிரூபிக்க, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. ஏறிக்கொண்டே போன அந்த எண் கட்டி முடித்த கடன் இல்லை. அது சேமிப்புக் கணக்கின் இருப்பு. டியூ பிடிக்கிற கணக்கில் மேற்கொண்டு போட்ட காசு அங்கேயே கிடந்தது. கடன் கணக்குக்கு ஒரு ரூபாய் போகவில்லை. அசலுக்கு என்று தனியாக எழுதிக் கொடுத்தால்தான் போகும். இரண்டரை வருடம் பருத்திமார்ப் புகையில் இருமிச் சேர்த்த காசு அங்கே தூங்க, முழுக் கடனுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. மாதாமாதம் அந்தச் சலானை வாங்கி முத்திரை குத்தியவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். நம் ஆட்களிடம் ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேச யாருக்கும் நேரமில்லை. படித்தவர் என்று ஒருவர் வந்திருந்தால் நாற்காலி போட்டுச் சொல்லியிருப்பார்கள்.

அதை நான் எப்படிச் சொன்னேன் என்பதுதான் எனக்கு வெட்கம். இரவுச் சாப்பாட்டில், நீங்கள் முதல் வாய் எடுத்தபோது, ஜெயித்த மாதிரி சொன்னேன். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். உங்கள் கை அப்படியே நின்றது. நீங்கள் அழுவீர்கள், இல்லாவிட்டால் என்னை அடிப்பீர்கள் என்று காத்திருந்தேன். எடுத்த வாயைச் சாப்பிட்டீர்கள். தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தீர்கள். கை கழுவி வந்து கேட்டீர்கள்:

"காசு எங்கயும் போயிடலல்ல?"

"போகல. கணக்குலதான் கெடக்கு."

"அப்புறம் என்ன. நாளைக்குக் காலேஜுக்கு லீவு போடு. எங்கூட வா."

பிறகு வாசலுக்குப் போய், அண்ணனைக் கூட்டிவந்து அவர் தட்டின் முன்னால் உட்காரவைத்தீர்கள். என்னைப் பார்த்து, "நல்ல வேள, பாப்பா படிச்சுச்சு" என்றீர்கள். அதில் குத்தல் இல்லை. எத்தனையோ முறை அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டேன், இல்லை.

வங்கியில் மூன்று நாள் அலைந்தோம். முதல் நாள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள், கடன் அண்ணன் பேரில் இருப்பதால் அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் அவர் ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு வந்தார். மூன்று நாளும் நீங்கள் பையில் ரவிக்கைகளைக் கொண்டுவந்து, பெஞ்சில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். காவலாளி வந்து இங்கே தைக்கக் கூடாது என்றார். "எழுதிப் போட்டிருக்காங்களா சார்?" என்று கேட்டீர்கள். அவர் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பதினெட்டு ரவிக்கை முடிந்தது.

கடன் அதிகாரி நல்ல சட்டை போட்ட இளைஞர். பணத்தை அசலுக்கு மாற்றிவிடலாம், டியூ குறைந்துவிடும், மாதாமாதம் சுலபமாக இருக்கும் என்றார். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். டியூ குறைந்தால் கடன் அதே பதினைந்து வருடம் ஓடும், வட்டியும் கூடவே ஓடும்; பி.காம். படிக்கிற எனக்கே அது உடனே உறைக்கவில்லை.

"டியூ கொறைய வேணாம் சார்" என்றீர்கள். "மாசம் கொறையணும்."

"டியூ குறைஞ்சா உங்களுக்குத்தானம்மா நல்லது?"

"இந்த டியூவ நாங்க கட்டிப் பழகிட்டம். அது இருக்கட்டும். எத்தன மாசம் கொறையுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் தட்டிப் பார்த்துச் சொன்னார். நீங்கள் அதை எழுத்தில் கேட்டீர்கள். எழுதிக் கொடுத்தார். எழும்போது ஒன்று கேட்டீர்கள்: "இத்தன நாளு இந்தக் காசு ஒங்ககிட்டதான் சார் இருந்துச்சு. எங்க காசுக்கு நீங்க குடுத்த வட்டி எம்புட்டு, ஒங்க காசுக்கு நாங்க குடுத்த வட்டி எம்புட்டு?" அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நீங்களும் பதிலுக்கு நிற்கவில்லை. பஸ்ஸில் அன்று உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் நீங்கள். உங்கள் மடியில் இருந்த பையை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அசலுக்கு என்று எழுதிக் கொடுத்துக் கட்டினீர்கள். மகள் பிறந்தாள், அவளுக்கும் வெட்டி மிஞ்சிய துணியில் தைத்த சட்டைதான். பல்வலிக்குக் கிராம்பை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினீர்கள். அந்தப் பல்லை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் அல்ல. ஏழாம் வருடம் கடன் முடிந்தது. பத்திரம் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. மிஷின் பலகைமேல் விரித்து, நான்கு எல்லைகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தீர்கள். கிழக்கே பாதை, மேற்கே மழைத்தண்ணீர் ஓடும் வாரி. முடித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"பாப்பா, இதுல எங்கயும் நீங்க எந்தத் தெருன்னு கேக்கவே இல்ல."

நான்கு மாதத்தில் காண்ட்ராக்டர் மாறினார். அண்ணனோடு சேர்த்து ஓட்டுநர்கள் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அவரோடு வேலை பார்த்த இருவரின் வீட்டுக் கதவில் வங்கிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். நம் கதவில் எதுவும் ஒட்டவில்லை. அண்ணன் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தும் நாம் இந்தக் கூரையின் கீழேதான் சாப்பிட்டோம், தூங்கினோம். சிக்கனம் நல்ல பண்பு என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிகிறது. வேலை நிரந்தரமாக இருப்பவனுக்கு அது பண்பு. உங்களுக்கு அது ஓட்டப் பந்தயம். நீங்கள் நான்கு மாத வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள்.

பந்தயம் முடிந்து ஒரு வருடம்கூட உங்களை உட்காரவிடவில்லை. தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு சைக்கிளில் திரும்பும்போது சுண்ணாம்புக்கல் லாரி. இங்கே அது புதிய செய்தியும் இல்லை. இரண்டு நாள் மறியல், மூன்றாம் நாள் அதே வேகம்.

நஷ்டஈட்டு வழக்குக்கு வக்கீல் படிவம் நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதி, வருமானத்துக்கு ஒரு கோடு போட்டார். நான் கடன் முடிந்த சான்றையும் எல்லாச் சலான்களையும் மேஜைமேல் வைத்தேன். "பதினஞ்சு வருசக் கடன ஏழு வருசத்துல அடைச்சவங்க சார். தையல்காரர்னு எழுதுங்க" என்றேன். அடித்துவிட்டு எழுதினார்.

நேற்று பெயிண்ட் அட்டையை வைத்துக்கொண்டு உங்கள் மகள் கேட்டாள், "அத்த, அம்மாவுக்குப் புடிச்ச கலர் எது?" எனக்குத் தெரியவில்லை அண்ணி. அண்ணனுக்கும் தெரியவில்லை. யாருக்கோ தைத்து மிஞ்சிய துணி எந்த நிறமோ அதைத்தான் நீங்கள் உடுத்தினீர்கள். ஏழு வருடம் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தும் நான் ஒருமுறைகூட உங்களைக் கேட்டதில்லை. கடைசியில் அவளையே ஒன்றைக் காட்டச் சொன்னேன். மஞ்சளைக் காட்டினாள்.

இந்தப் பூச்சுக்குக் கடன் வாங்கவில்லை. அரியலூரில் ஆடிட்டர் ஆபீஸில் நான் வாங்கும் சம்பளம். எதிர்வீட்டுப் பெரியம்மா காலையில் வந்து ஈரச் சுவரைத் தடவிப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

போன வாரம் பின்தெருவில் சத்துணவு சமைக்கிற அக்கா பாஸ்புக்கோடு வந்தார். எண் ஏறிக்கொண்டிருந்தது. அரை நாள் லீவு போட்டு அதே வங்கிக்குக் கூட்டிப்போனேன். இப்படி நான் கூட்டிப்போகிற ஐந்தாவது ஆள் இவர். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அதிகாரி வேறு ஆள், கேள்வி அதேதான்: டியூவைக் குறைத்துவிடலாமா? அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"டியூ இருக்கட்டும் சார். மாசம் கொறையணும்."