கடல் பார்க்கப் போன இடத்தில் காணாமல் போன என் கணவரைத் தேடித் தரக் கோரி

அனுப்புநர்:
தையல்காரி,
மாவு மில் மாடி, பேருந்துப் பணிமனைப் பின்தெரு.

பெறுநர்:
காவல்துறை உயர் அதிகாரி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: உல்லாச விடுதியின் 'கடற்கரை வீதி'யிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட என் கணவரைக் கண்டுபிடித்துத் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது மறதி நோய். சாப்பிட்ட கை காயுமுன்னே சோறு போடவில்லை என்பார். ஆனால் பேச்சு கணீரென்று இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் நோயாளி என்று நம்ப மாட்டார்கள். வந்த வினையே அதுதான்.

2. கடல் பார்க்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். நிஜக் கடலுக்கு ஓர் இரவுப் பயணம். அவரை வைத்துக்கொண்டு என்னால் ஆகாது. அதனால் மேற்படி விடுதிக்கு அழைத்துப் போனேன். பலகை பாவிய நடைபாதை, இயந்திரம் தள்ளும் அலை, ஒலிபெருக்கியில் கடற்பறவைச் சத்தம். அவருக்கு அதுவே கடல். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அலையில் நின்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! எனக்கும் மனசு குளிர்ந்தது.

3. ராட்டினத்துக்குப் பக்கத்தில், கிளம்பலாம் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். கப்பல் கேப்டன் வேடத்தில் நின்ற காவலாளியிடம் நேராகப் போய், "இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது சார். ரொம்ப நேரமா பின்னாலேயே வருது" என்றார். வாசலில் எனக்குக் கொடுத்த மாலுமித் தொப்பியால் அடையாளம் தெரியவில்லையோ என்று கழற்றிக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு மறுபடியும் தெரியாது என்றார். கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை எழுதக் கை வரவில்லை.

4. தெரியாது என்பவரைப் பாதுகாப்பதுதான் அங்கே விதியாம். நல்ல விதிதான், காவலாளி மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நோய் என்று மன்றாடினேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அலுவலகத்தில் உட்காரவைத்து ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். மகளை அழைத்து, அவர்கள் எண்ணுக்குப் படம் வரவழைத்து, அவர்கள் நம்பியபோது, விடுதி வண்டி அவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தது. அங்கே கொண்டுபோய் விடச் சொல்லி அவரே மரியாதையாகக் கேட்டாராம். விடுதிக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு, அடுத்த முறை வர இரண்டு இலவசச் சீட்டும் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன், ஐயா. என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை.

5. காவல் நிலையத்தில், வளர்ந்த மனிதர், தானாகத்தான் போயிருக்கிறார், கோபம் தணிந்தால் வருவார் என்றார்கள். வீட்டில் சண்டையா என்றும் கேட்டார்கள். பேருந்து நிலையக் கேமராப் பதிவைக் காட்டத் தங்கள் உத்தரவு வேண்டுமாம். பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடுமாம். இன்றோடு மூன்று நாள். மாத்திரை என் பையிலேயே இருக்கிறது. யார் காலில் விழுவதென்று தெரியாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

6. எனவே, அந்தப் பதிவைப் பார்க்கவும், எல்லா ஊர் நிலையங்களுக்கும் தகவல் அனுப்பவும் இன்றே உத்தரவிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய படத்தோடு எங்கள் கல்யாணப் படத்தையும் இணைத்திருக்கிறேன். அவரைக் கண்டவர்கள் என் பேச்சை எடுக்க வேண்டாம். கல்யாணப் படத்தைக் காட்டட்டும். பக்கத்தில் நிற்கும் பெண் யாரென்று கேட்டால் பெயர் சொல்லிச் சிரிப்பார். அது மட்டும் மறக்கவில்லை. அந்தப் பெண் சாப்பிடாமல் காத்திருக்கிறாள் என்று சொன்னால் போதும். உடனே புறப்பட்டு வந்துவிடுவார், ஐயா.

இடம்: பேருந்து நிலையக் காத்திருப்பு அறை
நாள்: வெள்ளிக்கிழமை, காலை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மேற்படியாரின் மனைவி