மச்சான் கிழித்து வைத்த பக்கங்கள்

மச்சான்,

இன்று காலையில் ஒரு புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். படிக்க முடியவில்லை, அதனால் முகர்ந்தேன். நம் ஊர்க் காற்றில் கிடக்கிற பழைய புத்தகத்துக்கு ஒரு வாடை உண்டே, உப்பு ஈரமும் மயில்துத்தம் போட்ட பசையும் துருப்பிடித்த தையல் கம்பியும் சேர்ந்த வாடை, அது மூக்கில் ஏறியதுமே நீ எதிரில் வந்து நின்றாய். மடித்துக் கட்டிய சாரமும் கக்கத்தில் புத்தகமுமாக, எனக்கு இருபத்தைந்து வயதில் வந்து நின்றாயே, அதே மாதிரி.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த வருடம் நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். என் கண் போகிறது மச்சான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுக்கொண்டே வருகிறதாம். போனது திரும்பாது, மிச்சம் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று திருநெல்வேலியில் டாக்டர் எழுதிக் காட்டினார். எழுதித்தானே காட்ட வேண்டும், காதுதான் என்றோ போய்விட்டதே. இதைத் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன். ஒரு தாளில் நாலு வரிதான் பிடிக்கிறது. தாளைப் பாழாக்குகிறேன் என்று உன் தங்கச்சி முறைக்கிறாள். அந்த முறைப்புகூட இப்போது கலங்கலாகத்தான் தெரிகிறது.

காது போன கதை உனக்குத் தெரியாததா? ஆனாலும் சொல்கிறேன். சொல்லச் சொல்லத்தான் நீ பக்கத்தில் இருப்பது போல் இருக்கிறது.

சங்கு குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கினால், மேலே வள்ளத்தில் நின்று கயிறு பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியோடு உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது நம் கரையில் முத்துக்குளித்த காலத்திலிருந்தே வருகிற வழக்கம். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள், சொத்துக்கு ஆசைப்பட்டு விட்டுவிடுவானாம். மச்சான் விடமாட்டான். விட்டால் அறுவது அவன் தங்கச்சி தாலி. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் இருந்தவன் நீ. உன் தங்கச்சியை நான் கட்டியதும் கயிறு உன் கைக்கு வந்தது. மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்று யாராவது பழமொழி சொன்னால், "மலை எதுக்குலே, நீ கடல்ல எறங்கிப் பிழை, நான் மேல நிக்கேன்" என்பாய்.

காது போன அன்று எனக்குத் தடுமம். மூக்கடைப்போடு இறங்கினால் தண்ணீர் அழுத்திச் செவிப்பறையைக் கிழித்துவிடும் என்பது நம் கரையில் சின்னப் பயலுக்கும் தெரியும். ஆனால் பல நாள் கொண்டல் காற்று அடங்கி, அன்றுதான் கடல் அடிமணல் தெரியத் தெளிந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு எவன் சும்மா இருப்பான்?

"ஏலே, தடுமத்தோட எறங்காத. நாளைக்குப் பாத்துக்கிடுவோம்."

"ஒரே ஒரு குளி போட்டுட்டு வாரேன் மச்சான். நீ பிடி."

நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்றாயே, நான் காதால் கேட்ட உன் கடைசிப் பேச்சு அதுதான். நீ என்னை இழுத்து ஏற்றியபோது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு காது முன்னமே மந்தம். மற்றதும் சீழ் பிடித்துக் கொஞ்ச நாளில் அவிந்துபோயிற்று.

அதன்பிறகு நான் சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கடல். அலை உருண்டு வந்து உடையும், சத்தம் இருக்காது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. தெருவில் இரண்டு பேர் வாயசைத்துச் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று ஆத்திரம் வரும். கடலுக்குள் நடந்து போய்விடுவது என்றே முடிவு கட்டியிருந்தேன். குளியாளுக்குச் சாவதில் என்ன கஷ்டம், மேலே வராமல் இருந்துவிட்டால் போதும்.

நீயும் வள்ளத்தைக் கரையில் போட்டுவிட்டு, புதிதாகக் கட்டிய துறைமுகத்தில் மூட்டை ஏற்றப் போயிருந்தாய். வேலை முடிந்து வரும்போது ஒரு சிலேட்டை இடுக்கிக்கொண்டு வருவாய். பேசுகிற மாதிரியே எழுதுவாய். "தப்பு என் மேல. நான் கயித்தப் பிடிச்சிருக்கவே கூடாது." அதை என் கையாலேயே அழித்தேன், ஞாபகம் இருக்கிறதா? அழித்த இடத்தில் மறுபடியும் அதையே எழுதினாய்.

பிறகு ஒரு நாள் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாய். புத்தகம் என்றால் கடையில் விற்கிற புத்தகம் இல்லை. யாரோ ஒரு புண்ணியவதி வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிய்த்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்திருந்தது. ஒரு பக்கம் கதை, மறுபக்கம் பாதி நகைச்சுவைத் துணுக்கும் தலைவலித் தைல விளம்பரமும். நான் தொடவில்லை. உன் தங்கச்சி அதைக் குசினியில் பால் சட்டிக்கு மூடியாக்கிவிட்டாள்.

எத்தனை நாள்தான் சுவரையே பார்ப்பது? ஒரு மத்தியானம் வெறுத்துப்போய் அதை எடுத்துப் பிரித்தேன். ரங்கூனுக்குக் கப்பலேறிய புருஷன் திரும்பி வராத ஒருத்தியின் கதை. தையல் மிஷினை வைத்துப் பிழைப்பை ஓட்டுகிறாள். அவள் மாமியாரோடு சண்டை போடுகிற இடம் வந்தது மச்சான், எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மாமியாருக்கு ஒரு குரல், அவளுக்கு ஒரு குரல். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு மனுஷக் குரல் கேட்டது. புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அவள் வீட்டு வாசலில் ஒருவன் பெட்டியோடு வந்து நிற்கிறான். புருஷன்தானா இல்லையா என்று தெரிகிற இடத்தில் பக்கங்கள் இல்லை. கரையான் தின்றதல்ல, யாரோ கையால் வகுந்த புதுக் கிழிசல். நீ வந்ததும் கத்தினேன். நீ பதறவே இல்லை. சிலேட்டை எடுத்து நிதானமாக எழுதினாய்.

"நாந்தான் கிழிச்சேன். கடப்புறத்துல நம்ம வள்ளத்துக்கு வந்தா தாரேன்."

அந்தச் சிலேட்டைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். மூலை உடைந்தது. நீ உடைந்த சில்லைப் பொறுக்கி ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

அந்தக் கடற்கரை எனக்கு எப்படிப்பட்ட இடம் என்று உனக்குத் தெரியும். அங்கே என் கூட்டாளிகள் எல்லாம் வள்ளம் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்குச் சாவதே மேல் என்று கிடந்தவன் நான். ஆனாலும் வாசலில் நிற்கிறவன் யார் என்று தெரியாமல் எப்படிச் சாவது? வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அதுதான். மறுநாள் விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் தங்கச்சி குசினி வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றாள். கரையில் ஒருத்தன் என்னைக் கண்டு கையைத் தூக்கினான். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வள்ளத்தில் நீ காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாய், பக்கங்கள் உன் இடுப்பு மடியில் இருந்தன.

வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் உட்கார்ந்து அங்கேயே படித்தேன். வந்தவன் புருஷன் இல்லை. விலாசம் தப்பி வந்தவன். அவள் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வழி சொல்லி அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க உட்காருகிறாள். அவ்வளவுதான்.

"இதெல்லாம் ஒரு முடிவாலே?" என்று நான் போட்ட சத்தத்தில் கரையே திரும்பிப் பார்த்தது. செவிடன் சத்தம் அவனுக்கா தெரியும்? நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இறங்கி ஈர மணலில் விரலால் எழுதினாய்: "பிடிக்கலன்னா வேற புத்தகம் எடுத்துத் தாரேன். சாகாத."

அதுவரை நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. நீ எப்படிக் கண்டுகொண்டாய் என்று கடைசிவரை கேட்கவும் இல்லை.

அப்புறம் நூலகத்தில் உன் பெயரில் சீட்டுப் போட்டாய். அங்கிருந்த அண்ணாச்சி, மூட்டை தூக்குகிறவனுக்கு இவ்வளவு படிப்பா என்று உன்னை மேலும் கீழும் பார்ப்பாராம். உனக்கோ மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். "நீ படிச்சிட்டு எனக்குச் சொல்லு" என்பாய். நான் சொல்வேன். என் குரல் அளவு எனக்குத் தெரியாது, தெருவே கதை கேட்கும். ஒரு கதையில் திருடனைப் பிடித்தார்களா இல்லையா என்று மீன் விற்கிற அக்கா வந்து சைகையில் கேட்டுவிட்டுப் போனாள்.

புத்தகம் என்னை யோக்கியன் ஆக்கிவிடவில்லை மச்சான், என் கோபம் உனக்குத் தெரியும். ஆனால் என் துக்கம் உலகத்தில் எனக்கு மட்டும் வாய்த்தது என்று ஒரு திமிர் இருந்தது. அதை அவைதான் இறக்கின. எங்கெங்கோ எவனெவனோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறான், எழுந்தும் இருக்கிறான். இன்னொன்றும் தெரிந்தது. கதையில் ஒவ்வொருத்தன் மனசுக்குள்ளும் போய்ப் பார்த்தால் அவனவனுக்கு அவனவன் பாடே பெரும்பாடு. தெருவில் சிரிக்கிறவன் என்னை நினைத்துச் சிரிக்க அவனுக்கு ஏது நேரம்? அது புரிந்த பிறகுதான் ஆட்களின் வாயைக் கோபமில்லாமல் பார்க்க முடிந்தது. பார்க்கப் பார்க்க உதடு படிக்க வந்தது. உன் தங்கச்சியின் வாயைத்தான் முதலில் படித்தேன், பாதிக்கு மேல் திட்டுதான். அதற்குப் பிறகு அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற வேலை கிடைத்தது. மிஷின் சத்தத்தில் மற்றவர்களுக்குத் தலை வலிக்கும், நான் நிம்மதியாக நின்று கல்யாணப் பத்திரிகையும் மரண அறிவிப்பும் கோத்தேன். வீடு அதில்தான் நடந்தது.

"படிக்கவன் தனியா இருக்க மாட்டாம்லே" என்று அந்த மூலை உடைந்த சிலேட்டில் ஒரு தடவை எழுதினாய். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன் உதட்டில் நான் படித்ததும், "இப்ப என்ன புத்தகம் ஓடுது?" என்பதுதான்.

இப்போது சொல் மச்சான். படிக்க முடியாதவன் என்ன ஆவான்? அதற்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போனாயா? புத்தகம் மட்டும் போனால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்வேன். உதடும் போகிறதே. உன் தங்கச்சியின் முகம் தெரிகிறது, வாய் இருக்கிற இடம் தெரிகிறது, என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. நாளைக்கு இருட்டாகிவிட்டால் சத்தமும் இல்லை, எழுத்தும் இல்லை, அவள் திட்டும் இல்லை. அப்படி ஒரு இடத்தில் நான் எப்படி இருப்பேன்? இருபத்தைந்து வயதில் கடலுக்கு நடந்து போகவாவது கண் இருந்தது. மாதாவே என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன், அந்தச் சத்தமும் எனக்குக் கேட்காது.

போன வாரம் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன்.

அவளுக்குப் புத்தகம் என்றால் ஆகாது, உனக்குத் தெரியும். "எங்க அண்ணனே எனக்குச் சக்களத்தியக் கொண்டாந்து விட்டுட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னவள். கன்னியர் பள்ளியில் அஞ்சாம் வகுப்போடு சரி, ஜெபப் புத்தகம் தவிர எதையும் பிரித்ததில்லை. அவள் வந்து என் இடது கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையை விரித்து விரலால் எதையோ கிறுக்கினாள். உதறினேன். மறுபடி பிடித்தாள். கிழவிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். 'சோறா கஞ்சியா' என்று புரிவதற்கு வெகுநேரம் ஆயிற்று. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்வேன், சரியாக இருந்தால் மணிக்கட்டில் தட்டுவாள். கஞ்சி என்றேன். எழுந்து குடித்தேன்.

இரண்டு நாள் சாப்பாடும் மருந்தும் மட்டும் எழுதினாள். மூன்றாம் நாள் என் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பத்தி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. நடுவில் நிறுத்தி, 'இந்தப் பய சரியில்ல' என்று தன் அபிப்பிராயத்தையும் எழுதினாள். எந்தப் பய என்று கத்தினேன். பதில் எழுதாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

பயம் போகவில்லை மச்சான். இந்த வேகத்தில் ஒரு புத்தகம் முடிவதற்குள் நான் முடிந்துவிடுவேன். நேற்றும் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு மெதுவாக எழுதத் தொடங்கியது. நான் எழுத்தெழுத்தாகக் கோத்துச் சத்தமாகச் சொன்னேன். "அண்ணன்... இல்ல... நான்... இருக்கேன்லா."

"இதக் கதையில யாரு சொல்லுதா?" என்று கேட்டேன்.

அவள் தட்டவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, உள்ளங்கையை மூடி, தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தக் கையை இன்னும் மூடித்தான் வைத்திருக்கிறேன் மச்சான். நல்லவேளை, அது இடது கை. உனக்கு எழுத வலது கை இருக்கிறது.