மரித்தோர் திருநாளுக்கு முன் வந்துவிடுங்கள்

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
20-10-1948

மர்சலின் அப்பாவுக்கு ஃப்ளோரா தோத்திரம் சொல்லி எழுதுவது.

நானும் குழந்தை மர்சலினும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். பெங்களூர் போன இரண்டு வருஷத்தில் நீங்கள் போட்ட கடிதங்களை எண்ண ஒரு கை விரல்கள்கூட வேண்டாம். மில் வேலை இருக்கிறதா, அந்தப் பழக்கமும் கூடவே இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. சைதாப்பேட்டை வீட்டை விட்டு உங்களை யாருக்கும் தெரியாத இந்தப் பங்குக்கு வந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறேன். மழை பிடித்துக்கொண்டது. அடுப்பங்கரை ஒழுகுகிறது.

இந்த மாதம் முதல் பட்டணத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடியாயிற்று. வீட்டைவிட அதிக நேரம் நீங்கள் உட்கார்ந்திருந்த சைதாப்பேட்டைக் கடையில் இப்போது சோடா விற்கிறார்களாம். பங்குச் சுவாமியார் சந்தோஷப்பட்டு, "குடியை விட்டால் குடும்பம் வாழும்" என்று பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார். அதில் தேறினவர்கள் மேடையேறிப் பேச வேண்டும். உங்கள் மகள் தேறினாள். எனக்குக்கூடக் காட்டாமல் எழுதியிருக்கிறாள், கள்ளி.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று பேசினாள். குரல் நடுங்கவே இல்லை. முதல் நற்கருணை வாங்கப் போட வைத்திருந்த அவளுடைய புதுநன்மை கவுனை நீங்கள் சந்தையில் விற்றுக் குடித்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கவுனை இரவல் வாங்கிப் போட்டு நான் அவளைக் கோவிலுக்கு அழைத்துப் போனதைச் சொன்னாள். அதுவரை எல்லாம் நிஜம். அப்புறம், "அந்தக் குடியாலேயே எங்கள் அப்பா செத்துப்போனார்" என்றாள். சபை முழுக்க விசும்பியது. முதல் பரிசு என்று மாதா சுரூபத்தைக் கையில் கொடுத்தார்கள்.

மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து பொய் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் குழந்தை என்ன ஆவாள்? முந்தானையை இழுத்துத் தாலியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவி மனசு என்ன பாடுபட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்!

கூட்டம் முடிந்ததும் சுவாமியார் என்னிடம் வந்து, மரித்த விசுவாசிகள் திருநாள் பூசையில் வாசிக்க வேண்டும், உன் புருஷன் பெயர் என்னம்மா என்று கேட்டார். உங்கள் பெயரை நான் என்றைக்கு வாயால் சொன்னேன்? அன்றைக்கும் வரவில்லை. துக்கத்தில் வாயடைத்து நிற்கிறேன் என்று நினைத்து அவர் குழந்தையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தபடி, "இக்னேஷியஸ், சாமி" என்றாள்.

வீட்டுக்கு வந்து அடிக்கக் கை ஓங்கினேன். "உயிரோட கீறார்னா ஏன் வர்லேன்னு கேப்பாங்கம்மா. செத்துட்டார்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்றாள். ஓங்கின கையால் அவளை அணைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பரிசை அவள் தொடவே இல்லை. முந்தாநாள் காலை தலை பின்னும்போது, "நான் சொன்னதால அப்பாவுக்கு நெஜமாவே எதுனா ஆயிடுமாம்மா?" என்று கேட்டாள். போடி பைத்தியமே என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் அழுதேன். அதிலிருந்து இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை அவள்.

சுவாமியாரிடம் போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுத்துவிடுவோம், போகட்டும். ஆனால் உயிரோடு இருக்கிறார் என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? எனக்கே நிச்சயம் இல்லையே.

நவம்பர் இரண்டாம் தேதி திருநாள். அதற்கு முன் ரயிலேறி வாருங்கள். நல்ல சட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை, பெட்டியில் உங்கள் வெள்ளைச் சட்டை துவைத்து வைத்தது இருக்கிறது. குடிக்காமல் வாருங்கள். முடியவே இல்லையென்றால் குடித்துவிட்டாவது வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். கோவிலில் அவள் பக்கத்தில் வந்து நில்லுங்கள், அது போதும்.

நீங்கள் வராவிட்டால் உங்கள் பெயரை வாசித்ததும் கோவில் முழுக்கச் செத்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபம் சொல்லும். அவர்களோடு சேர்ந்து என்னையும் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

மாதா உங்களைக் காப்பாற்றுவாளாக.

தாலியைக் கழற்றாத,
ஃப்ளோரா