சிவப்பு நூல் கட்டிய நண்டுகள்

பிப். 3, செவ்வாய்
வாடைக்காற்று. கடல் கலங்கல். நண்டு வரத்து பரவாயில்லை, ஆனால் எல்லாம் பொடி. ஓட்டை உடைத்தால் சதையே இல்லை. இப்படியே போனால் இரண்டு வருஷத்தில் என் நண்டு வாங்கும் ஷெட்டை மூட வேண்டியதுதான். வலைக்கண்ணைப் பெரிதாக்குங்கள் என்று மீனவர் சங்கத்தில் சொன்னால் சிரிப்பு. "கடல்ல எவ்வளவு நண்டு கெடக்குன்னு எண்ணிப் பாத்தீங்களா அண்ணாச்சி?" மீன்வளக் கல்லூரி மேடம் எண்ணித் தருகிறேன் என்கிறார்.

பிப். 6, வெள்ளி
மேடத்தின் முறை எளிது. நண்டுகளுக்கு அடையாளம் கட்டிக் கடலில் விடவேண்டும். வலையில் அவை நிறையத் திரும்பி வந்தால் கடலில் நண்டு குறைவு. வரவில்லை என்றால் ஏராளம். அதற்கான பிளாஸ்டிக் வில்லை இன்னும் வரவில்லை, பார்சல் ஆபீசுக்கு வெட்டி அலைச்சல். கடைசியில் நானே போய்ச் சிவப்பு நூல் வாங்கிவந்தேன். ஓட்டின் இருபக்க முள்ளுக்கும் குறுக்கே இறுக்கிக் கட்டி விட்டாயிற்று.
ஊரில் சொல்லலாமா என்றார் மேடம். வேண்டாம் என்றேன். பரிசு கிடைக்கும் என்று அவனவன் நூல் கட்டிக் கொண்டுவருவான். எப்படியும் எல்லா நண்டும் என் தராசுக்குத்தானே வரும்.
பல்வலி. கிராம்பு.

பிப். 20, வெள்ளி
ஒன்றுகூட வரவில்லை. கூடை கூடையாகக் கொட்டிப் பார்த்துக் கண் எரிச்சல். மேடம் போனில்: "அப்போ ஸ்டாக் நல்லாவே இருக்கு சார்." பொடி நண்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறேன்.
ஐஸ், டீசல் சொல்லணும்.

பிப். 24, செவ்வாய்
மேடம் சொன்னது சங்கம் வரை போய்விட்டது. "கடல் நெறைய நண்டாம், அண்ணாச்சி சும்மா பொலம்புதாரு." வியாழன் கூட்டம். வலைக்கண் பேச்சு அதோடு முடியும்.
சாயங்காலம் கரையில் அந்தோணி வலை பிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு நண்டு போடுகிறவன். சிவப்பு நூல் கட்டின நண்டு பட்டதா என்றேன்.
"தெனமும் படுதே."
"ஏலே, எங்க அது?"
"யாரோ நேந்து விட்டதுல்லா. மாதாவக் கும்பிட்டுக் கடல்லயே விட்டுருவோம். அடுத்தவன் நேந்த ஆட்ட வெட்டுவீங்களா?"
"அது நான் கட்டுனது."
அந்தோணி வலையைக் கீழே வைத்தான். "நீங்க நாசரேத் சபை, மாதாவக் கும்பிடாதவுக. உங்களுக்கு ஏது நேர்ச்சை?"
பக்கத்தில் இருந்தவன்: "ஏவாரம் டல்லுல்லா. அண்ணாச்சி மனசு மாறிருக்கும்."

பிப். 25, புதன்
மேடத்திடம் சொன்னேன். அந்தக் கணக்கு செல்லாது என்றார். மறுபடி கட்டவேண்டும். நாளைக் கூட்டத்தில் நானே எழுந்து சொல்லி, முடிவைத் தள்ளிவைக்கக் கேட்கவேண்டும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நண்டைத் திருப்பி விடாமல் இருந்தால் போதும்.
வேறு நிறம் பார்க்கப் போனேன். கறுப்பு, திருஷ்டிக்கு. பச்சை, தர்காவுக்கு. மஞ்சள், அம்மனுக்கு. நீலம், மாதா சேலை, அந்தோணி தொடவே மாட்டான். இந்த ஊரில் ஒரு நூலும் சும்மா இல்லை.
கடைக்காரர் கேட்டார், "என்ன அண்ணாச்சி, எந்தக் கோயிலுக்கு?"
நண்டுக்கு என்றேன். நேர்ச்சை நூலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.