உன் சிலைக்கு ஒரு கூண்டு

இன்று காலை கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும்போது, வெல்டிங் பட்டறை வாசலில் ரெட் ஆக்சைடு பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புக் கூண்டு. நாலு பக்கமும் கம்பி, முன்னால் பூட்டுப் போட ஒரு கதவு. யாரோ கோழிக்கடையைப் பெரிதாக்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, யாருக்கு என்று கேட்டேன்.

“நம்ம பாதைக்காரம்மா செலைக்குத்தான். ஞாயித்துக்கெழம தொறப்பு கீதுல்ல, அதுக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்” என்றார் வெல்டர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனைக்கும் நான் சிலைக் கமிட்டியில் இருக்கிறேன். கண்ணைக் காட்டத் தாம்பரம் போனதால் ஒரே ஒரு கூட்டத்துக்கு வரவில்லை. அதற்குள் உன்னைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஊர்த்தெரு முனைக்கு வந்தேன். நீ போனபின் இந்தத் தெரு ரொம்பவே மாறிவிட்டது. ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். பெயர் லேக் வியூ, ஏரியைத்தான் காணோம். பொத்தேரியில் படிக்கிற பிள்ளைகள் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்கள் பைக்கில் பறக்கிற இந்தத் தெருவில் காலனிப் பிணம் போக வழி இல்லாமல் இருந்தது என்று சொன்னால், “நிஜமாவா ஆன்ட்டி?” என்று கேட்டுவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறார்கள்.

பீடத்தின் மேல் நீ துணி போர்த்தி நின்றாய். கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். காதில் ஜிமிக்கி போட்டிருக்கிறார்கள். விரலை நீட்டி எதையோ காட்டுகிறாய். நீ விரல் நீட்டிப் பேசி நான் பார்த்ததே இல்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் சண்டைக்கு நிற்பாய். நெற்றியில் அந்தத் தழும்பையும் காணோம்.

உன் மாமியார் செத்த அந்த மழையை மறக்க முடியுமா? காலனிப் பிணங்கள் எப்போதும் வயல் வரப்பு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போகும். ஊர்க்காரர்கள் தெருவுக்குள் விட மாட்டார்கள். அன்று வரப்பே தெரியாமல் தண்ணீர். ஆண்கள் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும், அது நம் வழக்கம். நீ திரும்பவில்லை. உன் வீட்டுக்காரர் கையிலிருந்த கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டு ஊர்த்தெருப் பக்கம் நடந்தாய். “கூட வாடி, பயமா கீது” என்று என் காதில் மட்டும் சொன்னாய். பின்னால் பாடையும் வந்தது. பாதித் தெருவில் கல் வந்தது. நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியபோதும் சட்டியை நீ கீழே விடவில்லை.

அதற்குப் பிறகு கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் வருஷக்கணக்கில் அலைந்து அதைப் பொதுப்பாதை ஆக்கினாய். பீடத்தில் அதெல்லாம் பொன்னெழுத்தில் இருக்கிறது. உனக்குப் பயமாக இருந்ததை மட்டும் யாரும் எழுதவில்லை.

ஆத்திரத்தோடு உன் மகள் வீட்டுக்குப் போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். யாரைக் கேட்டுக் கூண்டு செய்கிறார்கள் என்றேன்.

“நான்தான் செய்யச் சொன்னேன் அத்தை. கூண்டு போடுங்க, இல்லன்னா செலைக்கு எது நடந்தாலும் நான் பொறுப்புன்னு ஒருத்தர் கையெழுத்துப் போடுங்கன்னு போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்க. கமிட்டில ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

“காலம் மாறிடுச்சுன்னு மைக் புடிச்சுப் பேசினாங்களே?”

“பேசுவாங்க.”

காலம் மாறியிருந்தால் கூண்டு எதற்கு? மாறவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை பேண்டு வாத்தியம் எதற்கு? தெருவில் நடக்க வழி கேட்டவளைப் பூட்டி வைத்துவிட்டு, சாவி வாங்கி வந்து மாலை போட வேண்டுமா? வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் தோள்பையை இறக்கி வைத்தாள்.

“செலையில தழும்பு வேணாம்னு சொன்னதும் நான்தான். அன்னிக்கு அம்மா ரத்தத்தோட வூட்டுக்கு வந்தாங்க. மஞ்சத்தூள வெச்சு அழுத்திகினு நின்னது நான், சின்னப் பொண்ணு. இன்னொரு தடவ அம்மா மண்ட ஒடைஞ்சா நீங்க வந்து தொடைப்பீங்களா?”

என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

“தொடைக்கிறேன்” என்றேன். மூளைக்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

அவள் போனை எடுத்தாள். லீவு சொல்லிவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு அவளே ஸ்கூட்டரில் கூட்டிப் போனாள். “இந்த வயசுல உங்களால முடியுமாம்மா?” என்று அங்கே கேட்டார்கள். முடியும் என்று கையெழுத்துப் போட்டேன். கூண்டு வேண்டாம் என்று பட்டறைக்கும் சொல்லியாகிவிட்டது.

இதை எழுதும்போதே, தெருவில் யாராவது உரக்கப் பேசினால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். இனி தினமும் விடிந்ததும் முனைவரை நடந்து, நீ முழுசாக நிற்கிறாயா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். ஊர்த்தெரு வழியாகத்தான் வருவேன். யாரும் தடுக்க மாட்டார்கள், அது நீ வாங்கிக் கொடுத்தது. உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பரவாயில்லை. வரும்போது, உன் முகம் கண்ணில் படுகிற வரைக்கும் அந்தக் கடைசிப் பத்தடியைத்தான் எப்படி நடக்கப் போகிறேனோ, தெரியவில்லை.