குரங்குப் பாடமும் ஒரு சட்டிப் பசையும்

18-1-1939, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. என் வகுப்புப் பிள்ளை, சமயநல்லூர் ஜெயக்கொடி, எனக்கென்று ஒரு முழுக் கரும்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதை எங்கே வைப்பது? விஞ்ஞான அறையில் எலும்புக்கூட்டுப் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் பாரம் வகுப்புக்கு இந்த வருஷம் தமிழில் விஞ்ஞானப் புத்தகம் வந்ததிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. போன வருஷம் வரை இங்கிலீஷில் மனப்பாடம் செய்து ஒப்பித்த பிள்ளைகள், இப்போது கையைத் தூக்கித் தூக்கிக் கேள்வி கேட்கிறார்கள். அடுத்த பாடம் பரிணாமம். படத்தைப் பார்த்துவிட்டு அதற்குள் ‘குரங்குப் பாடம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள், வாலுகள்.

20-1-1939, வெள்ளி

தமிழில் வந்ததன் வினை. இங்கிலீஷில் இருந்தவரை இதே பாடம் ஒருவரையும் தொந்தரவு செய்யவில்லை. இப்போது வீட்டில் அம்மாமார்களும் எடுத்துப் படிக்கிறார்கள். சபையில் இரண்டு வீட்டு அம்மாமார்கள் நேரே போதகரிடம் போய்விட்டார்கள். நம்மையெல்லாம் தேவன் படைத்தாரா, குரங்கு பெற்றதா என்று கேட்டார்களாம்.

ஞானாபரணம் போதகர்தான் எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டிக்கும் தலைவர். பிரசங்கம், பட்டிமன்றம், கோழி வளர்ப்பு, இந்த மூன்றிலும் மதுரையில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவருடைய எண்ணம். மாலை கமிட்டி கூடி உத்தரவு போட்டாயிற்று: எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பாடத்தின் பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட வேண்டும். ஒட்ட வேண்டியவள் விஞ்ஞான டீச்சர். அதாவது நான்.

23-1-1939, திங்கள்

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை படிக்கக் கூடாது என்று என் கையால் ஒரு பக்கத்தையும் ஒட்ட மாட்டேன், ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கமிட்டி முன்னாலேயே சொன்னேன். சொல்லும்போது ஜோராகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். வேறு டீச்சரைப் பார்த்துவிட்டார்கள் என்றால்? இந்த வேலையைப் போல எனக்கு இன்னொரு வேலை எங்கே இருக்கிறது? அந்தக் கரும்பலகையை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

தம்பி இன்பசேகரன் ரயில்வே ஆபீஸிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “போதகர் உன்னைய மொறச்சாரா, நீ அவரை மொறச்சியா, யாரு மொதல்ல?” என்று கேட்டான். இவனிடம் போய்ச் சொன்னேனே.

25-1-1939, புதன்

ஜெயக்கொடியின் அப்பா காசிமாயன் வயலிலிருந்து நேரே வந்திருந்தார். குரங்குப் பாடத்தால் பள்ளிக்கூடத்தில் ரகளை என்று கேள்விப்பட்டாராம். இவரும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். “குரங்குதானே தாயி? நாங்க கோயில் கட்டிக் கும்பிடுற சாமி. அதுக்கா இம்புட்டுச் சண்டை?” என்றார். பெண் நன்றாகப் படிக்கிறாளா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

28-1-1939, சனி

இன்று நடந்ததை எழுதக்கூட வரவில்லை, சிரிப்பு சிரிப்பாக வருகிறது. இத்தனைக்கும் நான் அழ வேண்டியவள்.

எங்கள் தலைமை ஆசிரியை, வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா, ஒரு வழி சொன்னார். போதகருக்குத்தான் பட்டிமன்றம் என்றால் உயிராயிற்றே. பெரிய பிள்ளைகள் முன்னிலையில் ஒரு பட்டிமன்றம் வைப்போம், படைப்பா, பரிணாமமா? பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லட்டும். படைப்புக் கட்சி ஜெயித்தால் பக்கங்களை ஒட்டிவிடுவது, பரிணாமம் ஜெயித்தால் பாடம் நடப்பது. போதகருக்கு வாயெல்லாம் பல். என்னை ஒரே வாயில் விழுங்கிவிடலாம் என்று நினைத்திருப்பார். நானும் சரி என்றேன்.

யார் முதலில் பேசுவது என்பதற்குத்தான் சீட்டு. எங்கள் சபையில் எதற்கெடுத்தாலும் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுவது வழக்கம். கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டிக்கு யார் எந்தக் கோஷ்டி என்பதைக்கூட அப்படித்தான் பிரிப்போம். வழக்கத்தைக் கொண்டுவந்தவரே போதகர்தான். இரண்டு கட்சியின் பேரையும் எழுதிக் காணிக்கைப் பையில் போட்டோம். எந்தப் பேர் வருகிறதோ அந்தக் கட்சி முதலில் பேச வேண்டும், அவ்வளவுதான். போதகர் கண்ணை மூடினார். வருஷக்கணக்காகப் பாட்டுப் போட்டிக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஜெபம் தானாக வாயில் வந்துவிட்டது: “ஆண்டவரே, உம்முடைய அடியான் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இந்தச் சீட்டினாலே காட்டியருளும்.” நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம். அவர் கையை விட்டு எடுத்தார். பரிணாமம்.

நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மிஸ்ஸியம்மாதான், அவர் தமிழை ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறவர், “போதகரே, எந்தப் பக்கம் என்றல்லவா ஜெபித்தீர்கள்?” என்றார்.

போதகர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெபம் பண்ணி, ஆமென் சொல்லி, எடுத்த சீட்டு. அதைத் திரும்பப் போட்டால் இத்தனை வருஷம் போட்ட சீட்டுக்கெல்லாம் என்ன மதிப்பு? கடைசியில் அதை மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆக, பரிணாமத்துக்குப் போதகர். படைப்புக்கு நான்!

29-1-1939, ஞாயிறு

சிரித்து முடித்த பிறகுதான் உறைக்கிறது. நான் நன்றாகப் பேசினால் பாடம் போயிற்று, வேலையும் போயிற்று. மோசமாகப் பேசினால்? கோவிலில் ஆராதனை நேரத்தில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்ததில் பாட்டு எந்த எண் என்றுகூடக் கவனிக்கவில்லை.

தம்பியின் யோசனை: “தொண்டை கட்டிருச்சுன்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துருக்கா. கதை முடிஞ்சது.”

பயல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போதகரும் அதையே செய்வாரே. அவருக்கும் தோற்றால்தானே நல்லது? இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு தோற்கப் பார்த்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும்.

2-2-1939, வியாழன்

போதகர் விஞ்ஞான அறைக்கு வந்தார். புத்தகம் வேண்டுமாம். கூடவே, பாடத்தில் புரியாத இடங்களை நான் சொல்லித்தர வேண்டுமாம். ஒட்டச் சொன்னவரே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

கேட்டே விட்டேன்: ஐயா, நீங்கள் அரைகுறையாகப் பேசினாலே உங்கள் காரியம் நடந்துவிடுமே என்று. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “டீச்சரம்மா, சீட்டு கர்த்தர் போட்டது. ஏனோதானோன்னு பேசிட்டு நாளைக்கு அவருக்கு முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?” என்றார்.

நான் தொண்டை கட்டுவதாக இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

6-2-1939, திங்கள்

போதகர் இன்றும் வந்தார். இனி கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கேட்டார். நல்ல வித்தைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதைப் பற்றிய பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். “இது நம்ம கோழிக் கூட்டுல நடக்கிறதுல்ல?” என்றார். பெரிய உடம்பும் நல்ல நிறமும் உள்ளதையே ஒவ்வொரு முறையும் ஜோடி சேர்த்து, பத்து வருஷத்தில் இன்றைக்கு இருக்கும் அந்த ராட்சதச் சேவலைக் கொண்டுவந்திருக்கிறார். சபையில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஊரே வாயைப் பிளந்து பார்க்கிற சேவல். அதையும் ஒருத்தரும் ஒரே நாளில் படைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

பிறகு அவர் பத்து வருஷம் வளர்த்த கோழிகளைப் பற்றிப் பேசினோம். பாடத்தை மறந்தே போனோம்.

7-2-1939, செவ்வாய்

தொண்டை கட்டாது. முடிவு செய்துவிட்டேன். அந்த மனிதர் அத்தனை நேர்மையாக நிற்கும்போது நான் மட்டும் ஏமாற்றுவதா? வேலை போனால் போகட்டும். (போகக் கூடாது, ஆண்டவரே.)

ஆனால் என்ன பேசுவது? பரிணாமம் பொய் என்று என் வாயில் வராது. எனக்கு உண்மையென்று படுகிறதைத்தான் பேச முடியும். அது என்ன? நான் ஜெபம் பண்ணும்போது யாரிடம் பேசுகிறேன்? இதை என்னையே நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

11-2-1939, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மண்டபத்தில் பெரிய பிள்ளைகள் எல்லோரும். முன்னால் இரண்டு மண்பானை, ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு புளியங்கொட்டை. படைப்பு ஜெயித்துவிட்டால் ஒட்டுகிற வேலை தாமதப்படக் கூடாதென்று கமிட்டி பசைக்குச் சொல்லியிருந்தது. விடுதிச் சமையல்காரி மலையம்மாள் அரிசி மாவில் ஒரு சட்டி நிறையக் காய்ச்சிக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். “ஒட்டுனா ஒட்டுங்க, இல்லாட்டி தோசைக்கு ஆகாது, சொல்லிப்புட்டேன்,” என்று முனகிவிட்டுப் போனாள். அந்தச் சட்டியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

போதகர் முதலில் பேசினார். கூடையைத் திறந்து சேவலை மேஜை மேல் நிறுத்தினார்! பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓய்வதற்கே நேரம் ஆயிற்று. அதன் பாட்டனுக்குப் பாட்டன் எப்படிச் சோனியாக இருந்தது என்பதில் ஆரம்பித்து, பாறைக்குள் கிடைக்கிற எலும்புகள் வரை கொண்டுபோய் விட்டார். பத்து வருஷத்தில் ஒரு மனிதன் இவ்வளவு மாற்ற முடிந்தால், லட்சக்கணக்கான வருஷத்தில் என்னதான் மாறாது என்று கேட்டார். நானே இப்படி நடத்தியிருக்க மாட்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்க்கட்சிப் பேச்சுக்கு முதலில் கைதட்டியவள் நான்தான்.

அடுத்து நான். சோழவந்தானில் தெரிந்தவர் கொடிக்காலிலிருந்து வாங்கி வந்த ஒரு வெற்றிலையைக் கையில் பிடித்துக்கொண்டேன். போதகர் சொன்னதில் ஒன்றையும் மறுக்கவில்லை. மாறட்டும், லட்சம் வருஷம் மாறட்டும். மாறுகிற சக்தியை அந்த முதல் உயிருக்குள் வைத்தது யார் என்று மட்டும் கேட்டேன். இந்த இலையின் நரம்பைப் பார்க்கும்போதெல்லாம் யாருக்கோ நன்றி சொல்லத் தோன்றுகிறது, அந்த யாரோதான் என் கட்சி என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. உண்மையாகவே தொண்டை கட்டிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் வரிசையாக வந்து கொட்டைகளைப் போட்டார்கள். பானையைக் கவிழ்க்கவே தேவையில்லை. என் பானை நிறைந்து கிடந்தது. ஜெயக்கொடியும் எனக்குத்தான் போட்டாள், பாவி! ஜெயித்துத் தோற்றுப்போனேன். பசை, அடுத்து பசை என்றுதான் ஓடியது மனதில்.

அப்போது போதகர் எழுந்தார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தப் பட்டிமன்றத்திலும் அவர் தோற்றதில்லையாம்.

“இந்தத் தீர்ப்பை நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றார். “பாடத்தையே நடத்தல. பாடம் தெரியாத பிள்ளைக எதை வச்சுக் கொட்டையப் போட்டுச்சுக? மொதல்ல டீச்சரம்மா குரங்குப் பாடம் முழுசையும் நடத்தட்டும். ஒரு வரி விடக் கூடாது. அடுத்த வருஷம் மறுபடி மோதிப் பாக்கலாம்.”

கமிட்டி அப்படியே தலையாட்டிவிட்டது. அவருக்கு எதிராகப் பேச யாருக்குத் தைரியம்? மிஸ்ஸியம்மா மட்டும் தலையைக் குனிந்து எதையோ எழுதுவது போல் இருந்தார். தோள் குலுங்கியது எனக்குத் தெரியும்.

வெளியே வந்து பார்த்தால், மேஜையிலிருந்து இறங்கிப் போன சேவல் வாசற்படியில் நின்று பசையைக் கொத்தித் தின்றுகொண்டிருக்கிறது. சட்டியில் பாதியைக் காணோம். மலையம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். போதகர் அவளைத் தடுத்து, “தின்னட்டும், அதுவும் கஷ்டப்பட்டுப் பேசியிருக்கு,” என்றார்.

12-2-1939, ஞாயிறு

கோவிலில் எல்லாப் பாட்டையும் சத்தமாகப் பாடினேன். தம்பி காதைப் பொத்திக்கொண்டான்.

27-2-1939, திங்கள்

பாடம் மூன்றாம் பகுதி. பிள்ளைகளின் கேள்விக்கு மணி போதவில்லை. கடைசி பெஞ்சில் போதகர் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறார். எனக்கும் அது பழகிவிட்டது.

17-3-1939, வெள்ளி

பாடம் இன்று முடிந்தது. ஒரு வரி விடவில்லை. ஜெயக்கொடி வந்து, அன்றைக்கு உங்கள் பேச்சு பிடித்ததால்தான் உங்களுக்குப் போட்டேன், இப்போது யாருக்குப் போடுவது என்று தெரியவில்லை என்றாள். நல்லது, அப்படியே இரு என்றேன்.

போகும்போது போதகர் வாசலில் நின்றார். அடுத்த வருஷப் பட்டிமன்றத்துக்கு எப்போது சீட்டுப் போடலாம் என்று நான்தான் கேட்டேன். அவர் சொன்னார்:

“இந்தத் தடவை சீட்டு வேணாம் டீச்சரம்மா. நான் நின்ன பக்கத்துலயே நிக்கிறேன்.”

எனக்கும் அது சம்மதம். அவருடைய சேவலுக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.